45 லட்சத்தில் நின்றுபோன கணக்கு: ஒன்றிய நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதியமைச்சர் திருமதி நிர்மலா சீதாராமன் அவர்களுக்கு,

வணக்கம்.

2019 ஜூலை 5 அன்று நீங்கள் வாசித்த முதல் பட்ஜெட்டில், முதல் வீடு வாங்குவோருக்கென்றே ஓர் அறிவிப்பு இருந்தது. வீட்டுக்கடன் வட்டியில் ஏற்கெனவே கழித்துக்கொண்டிருந்த 2 லட்சத்தோடு இன்னொரு 1.5 லட்சத்தையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றீர்கள். வீட்டின் மதிப்பு 45 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கடன் அனுமதியாகும் நாளில் வாங்குபவர் பெயரில் வேறு வீடு இருக்கக் கூடாது. பதினைந்து வருடக் கடனில் ஏறக்குறைய 7 லட்சம் ரூபாய் மிச்சமாகும் என்று அந்த உரையிலேயே கணக்கும் சொன்னீர்கள். 80இஇஏ என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகியிருந்த பிரிவு அது. இரண்டு முறை நீட்டித்தீர்கள். 2022 மார்ச் 31-க்குப் பிறகு அனுமதியான கடன்களுக்கு அது இல்லாமல் போனது.

நான் மேற்குத் தாம்பரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இன்னும் வாடகை வீடுதான். ஜூலை வந்தால் சம்பள வரிச் சான்றிதழான ஃபார்ம் 16-ஐயும் வங்கியின் வட்டிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வருபவர்களில் புதிதாக வீடு வாங்கியவர்களைத் தனியாகவே அடையாளம் கண்டுவிடலாம். கொஞ்சம் பெருமையும் நிறைய கலவரமுமாக இருப்பார்கள். "வீடு வாங்கியிருக்கேன் சார், வரி எவ்வளவு குறையும்?" என்பதுதான் முதல் கேள்வி. இப்போதெல்லாம் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில், "ஒண்ணும் குறையாது."

இது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வரி விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு என்ற புதிய வரி முறைதான் 2023-24 முதல் இயல்பான முறை. அதில் நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. "பழைய முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். சரி, போட்டுப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டில் 15 லட்சம் சம்பளம் வாங்குபவர், பழைய முறையில் நிலையான கழிவு 50,000, சேமிப்புக்கான 80சி பிரிவில் முழு 1.5 லட்சம், வீட்டு வட்டியில் முழு 2 லட்சம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் 1,48,200 ரூபாய் வரி கட்ட வேண்டும். வீடும் இல்லை, சேமிப்பும் இல்லை என்று கையை விரித்துவிட்டுப் புதிய முறைக்குப் போனால் 97,500. பழைய முறையை யார் தேர்ந்தெடுப்பார்கள்?

வரி குறைந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. 12 லட்சம் வரை வரியில்லை என்று நீங்கள் அறிவித்தது எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு நிம்மதி தந்தது. அதனால் பழைய கழிவையெல்லாம் அப்படியே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. உங்கள் வரிச் சட்டத்தில் வாடகைக்கு விட்ட வீடு இருக்கிறது, இரண்டாவது வீடு இருக்கிறது, வீட்டை விற்று வாங்கும் அடுத்த வீடு இருக்கிறது. முதல் வீடு மட்டும் இல்லை.

பெருங்களத்தூரில் ஒரு நான்கு மாடிக் கட்டடம் என்று வையுங்கள். இரண்டாவது மாடியில் ஒரு தம்பதி, வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு ஃப்ளாட் வாங்கிக் குடியிருக்கிறார்கள். புதிய முறையில் அவர்களுக்கு வட்டிக் கழிவு பூஜ்யம். மூன்றாவது மாடியில் அதே அளவு ஃப்ளாட்டை, ஏற்கெனவே இரண்டு வீடு வைத்திருக்கும் ஒருவர் கடனில் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார். அவருக்கு வாடகையில் 30 சதவீதம் எந்தக் கேள்வியும் இல்லாமல் கழிகிறது. மிச்ச வாடகைக்கு எதிராகக் கடன் வட்டியையும் கழித்துக்கொள்ளலாம், அதுவும் இதே புதிய முறையில். நஷ்டம் வந்தால் சம்பளத்தில் கழிக்க முடியாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. பழைய வீட்டை லாபத்துக்கு விற்று, நீண்டகால ஆதாயத்தைப் புதிய வீட்டில் போடுபவருக்கு 10 கோடி ரூபாய் வரை விலக்கு. சொந்த உபயோகத்துக்கு என்று இரண்டு வீடு வைத்திருந்தால் இரண்டுக்குமே வரிக்குக் கணக்கிடும் ஆண்டு மதிப்பு பூஜ்யம் என்று 2025 பட்ஜெட்டில் நிபந்தனையையும் தளர்த்தினீர்கள். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு நியாயம் இருக்கலாம். சேர்த்து வைத்துப் பார்த்தால், ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்தான் வீடு வாங்க வேண்டும் என்று சட்டம் ஆசைப்படுவதுபோல இருக்கிறது.

இனி ஜிஎஸ்டி. 2019 ஏப்ரல் 1 முதல், கட்டி முடிக்காத ஃப்ளாட்டுக்கு 5 சதவீதம். கட்டுப்படியான வீடு என்ற வகைக்குள் வந்தால் 1 சதவீதம். அந்த வகைக்கு இரண்டு நிபந்தனை: சென்னை போன்ற பெருநகரங்களில் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) 60 சதுர மீட்டர், மற்ற ஊர்களில் 90, விலை 45 லட்சத்துக்குள். பரப்பளவில் ஊருக்கு ஊர் வித்தியாசம் பார்த்தவர்கள் விலையில் பார்க்கவில்லை. மும்பைக்கும் 45, திருநெல்வேலிக்கும் 45. அன்றைக்கே அது சரியாக இருந்ததா என்பது ஒருபுறம். அதன் பிறகு கொரோனா வந்து போனது, கம்பி விலை, மணல் விலை, கூலி எல்லாம் எங்கேயோ போய்விட்டன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் விலை விசாரிக்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். 45 லட்சத்துக்குள் புது ஃப்ளாட் என்றால் புரோக்கர் சிங்கப்பெருமாள்கோவிலுக்கும் அப்பால் கை காட்டுகிறார்.

அந்த வரம்பு எழுதப்பட்டிருக்கும் விதம் இன்னும் மோசம். 45 லட்ச ரூபாய் ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி 45,000. 46 லட்சமானால் 2,30,000. விலை ஒரு லட்சம் கூடியதற்கு வரி 1,85,000 கூடுகிறது. இதனால் என்ன நடக்கிறது என்பதைக் கணக்கு எழுதும் எல்லோரும் அறிவோம். "பில்லில் 45 போட்டுக்கலாம், மிச்சத்தைக் கையில் கொடுத்துடுங்க" என்ற பேச்சு வரும். கார் பார்க்கிங், வசதிக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் 45-ஐப் பார்க்க வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்வதால், மரவேலை, உள்அலங்காரம் என்று வேறொரு ஒப்பந்தம் முளைக்கும். முதல்முறை வாங்குபவர் இதை நல்ல தள்ளுபடி என்று நினைத்துத் தலையாட்டுவார். கையில் கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது. நாளைக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் வழக்குப் போட்டால் அந்தப் பணம் இருந்ததாகவே சொல்ல முடியாது. வங்கியும் பில்லில் உள்ள விலைக்குத்தான் கடன் தரும். கறுப்புப் பணத்தை ஒழிக்க நினைக்கும் ஓர் அரசு இப்படி ஒரு படியை விட்டு வைத்திருப்பது எனக்குப் புரியவே இல்லை. வருமான வரியில் 12 லட்சத்தைச் சற்றே தாண்டுபவருக்கு, தாண்டிய தொகையைவிட வரி கூடிவிடாமல் பார்க்கும் மார்ஜினல் ரிலீஃப் என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள். அந்த அறிவு வீட்டுக்கான ஜிஎஸ்டியில் ஏன் வரவில்லை?

முழுச் செலவையும் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். கட்டிக்கொண்டிருக்கும் 60 லட்ச ரூபாய் ஃப்ளாட். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரலாம். ஆக 48 லட்சம் கடன், 12 லட்சம் கைப்பணம். ஜிஎஸ்டி 3 லட்சம். தமிழ்நாட்டில் 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரையிலான புது ஃப்ளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2 என்று 7 சதவீதம், அது 4.2 லட்சம். இதுவரை 19.2 லட்சம். வக்கீல் கட்டணம், மின் இணைப்பு, பராமரிப்பு முன்பணம், கட்டடத்தின் பொது நிதியான கார்பஸ் ஃபண்ட் எல்லாம் இதற்கு மேல். முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் வீட்டு மதிப்பில் சேர்த்துக் கடன் தரக் கூடாது என்பது விதி. ஒரே விலக்கு, வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் சேர்க்கலாம். எங்கள் மாநில அரசும் இதற்குச் சளைத்ததில்லை: பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரலில் கொண்டுவந்தது, அதற்கும் வரம்பு 10 லட்சம். தாம்பரத்தில் 10 லட்சத்துக்குக் கிடைக்கும் வீட்டை யாராவது காட்டினால் நானே போய்ப் பார்க்கிறேன்.

அந்த 19.2 லட்சம் எங்கிருந்து வருகிறது? பிஎஃப்-இல் எடுத்தது போக, மனைவியின் நகை கூட்டுறவு வங்கிக்குப் போகிறது. மாமனார் ஊரில் ஒரு துண்டு நிலத்தை விற்கிறார். அதிலும் போதாமல் ஒரு பர்சனல் லோன், அதை வீட்டுக்கடன் வாங்கும் வங்கிக்குத் தெரியாமல் வேறோர் இடத்தில். பத்திரப்பதிவுக்கான பணத்தை வீட்டுக்கடன் வட்டியில் தர மறுக்கும் விதி, அதே மனிதரைப் பர்சனல் லோன் வட்டிக்குத் தள்ளுகிறது. வங்கியைக் காப்பாற்றத்தான் இந்த விதி என்கிறார்கள். மறைத்து வாங்கிய கடனோடு ஒருவர் இஎம்ஐ கட்ட ஆரம்பிப்பதில் வங்கிக்கு என்ன பாதுகாப்பு?

அதே 48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 41,650. முதல் வருடத்தில் வட்டி மட்டும் 4 லட்சத்தைத் தாண்டும். பழைய முறையில் இருப்பவருக்குக்கூடக் கழிவு வரம்பு 2 லட்சம். 2014-இல் வைத்த வரம்பு அது. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறியிருக்கிறது, 2 லட்சம் அப்படியே இருக்கிறது. இந்தச் சட்டத்தின் மொழியை எளிமையாக்க அவ்வளவு பேர் உட்கார்ந்து உழைத்தபோது, இந்த எண் ஒருவர் கண்ணிலும் படவில்லையா?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இன்னொரு விதியில். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் கட்டடம் முடியாவிட்டால், அந்த 2 லட்ச வரம்பு 30,000 ஆகிவிடும். தாமதம் செய்தவர் பில்டர். இவர் இத்தனை வருடமும் ஒரு பக்கம் வாடகை, மறுபக்கம் கட்டி முடியும்வரை வட்டி மட்டும் செலுத்தும் ப்ரீ-இஎம்ஐ கட்டிக்கொண்டிருந்தவர். தண்டனை இவருக்கு! ரெரா சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. எந்தத் திட்டம் எப்போது முடிய வேண்டும், எவ்வளவு தள்ளிப்போனது என்பது மாநில ரெரா இணையதளத்திலேயே இருக்கிறது. பாதியில் நின்ற திட்டங்களை முடிக்க உங்கள் அமைச்சகமே 2019-இல் ஸ்வாமி என்ற 25,000 கோடி ரூபாய் நிதியை ஏற்பாடு செய்தது. அடுத்த ஸ்வாமி நிதிக்கு 2025 பட்ஜெட்டில் 15,000 கோடி அறிவித்தீர்கள். கட்டடங்கள் தாமதமாவது வாங்குபவர் குற்றமல்ல என்று ஒரு கையால் ஒப்புக்கொண்டு, மறு கையால் அவருடைய கழிவை வெட்டுவது என்ன நியாயம்? ரெராவில் பதிவான திட்டமாக இருந்தால் இந்த ஐந்து வருடக் கெடு பொருந்தாது என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்கு அரசுக்குப் பெரிய செலவும் இல்லை.

சிமென்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது. நல்ல முடிவு. பொருள் வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரியை) பில்டர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் அவர் சிமென்ட்டுக்குக் கட்டும் வரி முழுவதும் ஃப்ளாட்டின் அடக்க விலையில்தான் ஏறுகிறது. ஆகவே வரி குறைந்தால் அடக்கமும் குறைய வேண்டும். குறைந்ததா என்று எங்கே போய்க் கேட்பது? வரிக்குறைப்பின் பலன் மக்களுக்குப் போகிறதா என்று பார்க்க ஜிஎஸ்டி சட்டத்தில் இருந்த ஏற்பாடு, 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்களை வாங்குவதில்லை. கதவைச் சாத்திய பிறகு வரியைக் குறைத்திருக்கிறீர்கள்.

50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீட்டை வாங்கினால் வாங்குபவரே விலையில் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்ற டிடிஎஸ் விதியின் வரம்பும் 2013-இல் வைத்தது. தெரியாமல் விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம் என்ற நோட்டீஸோடு எங்களிடம் வருகிறவர்கள் உண்டு. ஒரு ஃப்ளாட் வாங்கியவரை வரி வசூல் அதிகாரியாக்குவது அவசியம் என்றால், பதிவு அலுவலகத்திலேயே அதை முடித்துவிடும் வழியைச் செய்யுங்கள்.

"பிரதமர் வீட்டு வசதித் திட்டம் இருக்கிறதே" என்று உங்கள் அதிகாரிகள் குறிப்பு எழுதக்கூடும். 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புற 2.0 திட்டத்தின் வட்டி மானியம் வருடம் 9 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு. வீட்டின் மதிப்பு 35 லட்சத்தைத் தாண்டக் கூடாது, கடன் 25 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதிகபட்ச உதவி 1.80 லட்சம், ஐந்து தவணையில். சிறிய ஊர்களில் சொந்த மனையில் கட்டுபவருக்கு இது நிச்சயமாக உதவும், குறை சொல்லமாட்டேன். ஆனால் கணவனும் மனைவியும் ஆளுக்கு 40,000 சம்பாதிக்கும் ஒரு வீட்டின் வருட வருமானம் 9.6 லட்சம். மானியம் வாங்கும் அளவுக்கு அவர்கள் ஏழை இல்லை. வரியே இல்லாததால் வரிக்கழிவாலும் பயனில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் முதல் வீட்டைத் தேடி அலைபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களுக்கு நீங்கள் தரக்கூடிய ஒரே உதவி ஜிஎஸ்டியில் இருக்கிறது. அதனால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் 45 லட்சத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

சலுகை கொடுத்தால் பில்டர்கள் அந்த அளவுக்கு விலையை ஏற்றிவிடுவார்கள் என்பது நியாயமான பயம். 2025-இல் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி குறையத் தொடங்கியதும் "வட்டி இறங்கிடுச்சு, இப்போ எடுத்துடுங்க" என்று ஃபோன் செய்தவர்கள் விலையை இறக்கவில்லையே. ஆகவேதான் பரப்பளவு வரம்பைத் தொடாதீர்கள் என்கிறேன். 60 சதுர மீட்டர் என்பது சுமார் 645 சதுர அடி, ஒரு சிறிய குடும்பத்துக்குப் போதுமான இரண்டு படுக்கையறை வீடு. அந்த அளவில் முதலீட்டுக்காக ஐந்து வாங்குபவரையும் குடியிருக்க ஒன்று வாங்குபவரையும் பிரித்துப் பாருங்கள். 1 சதவீத வரி, வேறு வீடு இல்லாதவருக்கு மட்டும். அதை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்க வேண்டாம். 80இஇஏ-வில் நீங்களே வைத்த நிபந்தனைதான், வீட்டு வசதித் திட்டத்திலும் ஆதாரை வைத்துப் பார்ப்பதுதான்.

விலை வரம்பை ஊருக்கேற்ப வைக்கச் சொல்லி ஜிஎஸ்டி மன்றத்தில் ஒரு முன்மொழிவைக் கொண்டுவாருங்கள். வருடா வருடம் விலைவாசியோடு தானாக நகரும்படி அதை எழுதுங்கள். எழுதும்போதே 45-க்கும் 46-க்கும் நடுவில் உள்ள அந்தச் செங்குத்தான படியைச் சரிவாக்குங்கள். மன்றத்தில் ஒன்றியத்தின் வாக்கு மூன்றில் ஒரு பங்கு, எந்த முடிவுக்கும் முக்கால் பங்கு வேண்டும். நீங்கள் இல்லாமல் இது நடக்காது, மாநிலங்கள் இல்லாமலும் நடக்காது. அதனால் இந்த மடலின் பிரதியை எங்கள் மாநில நிதியமைச்சருக்கும் அனுப்புகிறேன். பத்திரச் செலவைக் கடனில் சேர்ப்பது ரிசர்வ் வங்கியின் முடிவு என்பதும் தெரியும். முதல் வீட்டுக்கு மட்டுமாவது அந்த 10 லட்ச வரம்பை இன்றைய விலைக்கு மாற்றச் சொல்லி நீங்கள் பேசினால் அவர்கள் கேட்பார்கள்.

புதிய வரி முறையில் குடியிருக்கும் முதல் வீட்டுக்கு ஒரு கழிவு என்பதை அடுத்த பட்ஜெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். 30,000 ரூபாய் விதியை அதுவரை தள்ளிப்போட வேண்டாம். 2019-20 நிதியாண்டில் உங்கள் அறிவிப்பை நம்பிக் கடன் வாங்கி, கட்டி முடியாத ஃப்ளாட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த ஐந்து வருடக் கெடு 2025 மார்ச் 31-இலேயே முடிந்துவிட்டது. அவர்களுக்குப் பின்தேதியிட்டு விலக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆடிட்டர் அலுவலக ஊழியர்,
மேற்குத் தாம்பரம்